'இசையை மட்டும் பேசுவோம்' என்னும் ஜாஸ் ரசிகர்களுக்கு

ஜாஸ் கேட்க ஆசை, எதிலிருந்து தொடங்கலாம் என்று பத்து ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். எட்டுப் பேராவது மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்பார்கள். தவறான பதில் அல்ல. 1959 மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள் என இரண்டே நாள்களில் நியூயார்க்கில் பதிவான இசைத்தட்டு அது. ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பில் எவன்ஸ், பால் சேம்பர்ஸ், ஜிம்மி காப் என அதில் வாசித்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அதைப் பரிந்துரைக்கும்போது ரசிகர்கள் பயன்படுத்தும் சொற்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அமைதி, தியானம், காலம் கடந்தது, நள்ளிரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டியது.

அந்த இசைத்தட்டு 1959 ஆகஸ்ட் 17 அன்று வெளியானது. ஆகஸ்ட் 25 இரவு நியூயார்க்கின் 'பேர்ட்லேண்ட்' கிளப்பில் மைல்ஸ் டேவிஸ் வாசித்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் ஒரு வெள்ளைப் பெண்ணை டாக்சி ஏற்றிவிட்டு, வாசலில் நின்று புகைபிடித்தார். இங்கே நிற்காதே, நகர்ந்து போ என்றார் ஒரு போலீஸ்காரர். இங்கேதான் வேலை பார்க்கிறேன் என்று வாசலில் எழுதியிருந்த தன் பெயரைக் காட்டினார் மைல்ஸ். சற்று நேரத்தில் அவர் தலையில் லத்தி அடி விழுந்தது. மேல்கோட்டு முழுக்க ரத்தம். தலையில் தையல். அடி வாங்கியவர் மீதே வழக்கு. பிறகு நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இடையில் எட்டே நாள்.

இந்த எட்டு நாள் கதை யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. அன்றைய செய்தித்தாள்களில் வந்தது, மைல்ஸ் பற்றிய எல்லா நூல்களிலும் இருக்கிறது. தெரிந்தவர்கள்கூட இசைத்தட்டைப் பரிந்துரைக்கும்போது இதைச் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால், 'அது வேறு, இசை வேறு' என்பார்கள். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போடுவதற்காக எழுதப்படுகிறது.

வரிசையில் நிற்பவர்கள்

சாதியையும் நிறவெறியையும் ஒப்பிட்டு முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அதன் பொருட்டு நியூயார்க்கில் இருந்த நாள்களில், உதவித்தொகையில் மிச்சம் பிடித்து ஜாஸ் கச்சேரிகளுக்குப் போனேன். 'வில்லேஜ் வான்கார்ட்' 1935இல் தொடங்கப்பட்ட கிளப். சிவப்புக் கதவைத் திறந்து, குறுகலான படிகளில் இறங்கினால் முக்கோண வடிவத்தில் ஓர் அடித்தளம். 123 பேர் உட்காரலாம். மேசைகளுக்கு நடுவே முழங்கால் இடிக்கும். சாக்ஸபோன்காரர் மூச்சை இழுப்பது கேட்கும்.

உள்ளே போகுமுன் வெளியே வரிசையில் நடப்பது தனிக் கச்சேரி. முன்பின் அறியாதவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நேற்றைய இரண்டாவது அமர்வு முதலாவதைவிடப் பிரமாதம் என்பார் ஒருவர். அந்த டிரம்மரை முப்பது வருடம் முன்பு பார்த்திருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். 1961 ஜூன் 25 ஞாயிற்றுக்கிழமை இதே அடித்தளத்தில் பில் எவன்ஸ் மூவர் குழு வாசித்ததன் ஒலிப்பதிவில், கண்ணாடிக் கோப்பைகள் உரசும் சத்தமும் யாரோ பேசிக்கொள்வதும் கேட்கும். அதில் டபுள் பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த பதினோரு நாள்களில் சாலை விபத்தில் இறந்துபோனார். இதை எனக்குச் சொன்னது புத்தகம் அல்ல, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு முதியவர். எந்த நிமிடத்தில் எந்தக் கோப்பை உரசுகிறது என்பதுவரை அவருக்குத் தெரியும்.

இந்தப் பரிமாற்றத்தை நான் மதிக்கிறேன். கட்டணமில்லாமல் கைமாறும் அறிவு இது. ஒரு கலைஞரிடமிருந்து இன்னொரு கலைஞருக்கு, ஓர் இசைத்தட்டிலிருந்து இன்னோர் இசைத்தட்டுக்கு வழிகாட்டி, கேட்கக் கற்றுக்கொடுக்கிறது. அதனால்தான் அது எதை விட்டுவிடுகிறது என்பது முக்கியமாகிறது. கோப்பை உரசும் சத்தத்தை அறுபது ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கும் ரசிகர் கூட்டம், கிளப் வாசலில் லத்தி விழுந்த சத்தத்தை மட்டும் எப்படி மறக்கிறது? அதற்கு நினைவாற்றல் குறைவு என்று சொல்ல முடியாது. நினைவில் எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆட்டோகிராஃப் கேட்ட போலீஸ்

1955 அக்டோபர், டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன். 'ஜாஸ் அட் த ஃபில்ஹார்மானிக்' கச்சேரி. அமைப்பாளர் நார்மன் கிரான்ஸ், வெள்ளையர். அவர் போட்ட நிபந்தனை எளிமையானது: அரங்கில் வெள்ளையருக்கு ஒரு பக்கம், கறுப்பருக்கு ஒரு பக்கம் என்ற பிரிவினை இருக்கக் கூடாது. வந்தவர்கள் வாங்கிய இருக்கையில் உட்காரட்டும். அந்த ஊரில் அது பெரிய துணிச்சல். ஹூஸ்டனிலேயே வளர்ந்த சாக்ஸபோன் கலைஞர் இல்லினாய் ஜாகே அன்று அந்த மேடையில் வாசித்தார்.

முதல் அமர்வு முடிந்த இடைவேளையில் போலீஸ் ஒப்பனை அறைக்குள் நுழைந்தது. சிலர் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். சூதாட்டம் என்று சொல்லி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், டிஸ்ஸி கில்லெஸ்பி, ஜாகே, கிரான்ஸ் உள்ளிட்டோரைக் கைது செய்து காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்லா அப்போது தாயம் உருட்டவில்லை, பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரிவினை இல்லாமல் கச்சேரி நடத்தியதற்கான தண்டனை அது என்று எல்லோருக்கும் தெரிந்தது. காவல் நிலையத்தில் என்ன நடந்தது என்பதை எல்லா பின்னர் சொன்னார். கைது செய்து கொண்டுபோன அதே போலீஸ்காரர்கள் அவரிடம் ஆட்டோகிராஃப் கேட்டார்கள்.

'இசையை மட்டும் பேசுவோம்' என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை நான் தேட வேண்டியதில்லை. அந்தப் போலீஸ்காரரும் எல்லாவின் ரசிகர்தான். அவருடைய ரசனையில் நமக்குச் சந்தேகம் இல்லை. குரல் பிடித்திருக்கிறது. அந்தக் குரலுக்கு உரியவர் தன் மக்களோடும் வெள்ளையரோடும் ஒரே அரங்கில் நிற்பதுதான் பிடிக்கவில்லை. ஒரு கையில் விலங்கு, மறு கையில் பேனா. ரசனை மனிதரைத் தானாகவே நாகரிகமாக்கிவிடும் என்று நம்புகிறவர்கள் ஹூஸ்டன் காவல் நிலையத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இது தெற்கு மாநிலங்களின் கதை மட்டுமல்ல. நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியின் 'காட்டன் கிளப்'பில் 1927 டிசம்பரிலிருந்து டியூக் எலிங்டன் குழு வாசித்தது. மேடையில் கறுப்பர்கள், மேசைகளில் வெள்ளையர்கள். ஹார்லெமில் வாழ்ந்த கறுப்பர், தன் தெருவில் தன் இனத்தவர் வாசிப்பதைக் கேட்க உள்ளே போக முடியாது. அதே நியூயார்க்கில் 1940 முதல் 1967 வரை மது விற்கும் கிளப்பில் வாசிக்க வேண்டுமானால் போலீஸிடம் கைரேகை கொடுத்து ஓர் அட்டை வாங்க வேண்டும். பில்லி ஹாலிடேயிடமிருந்து அந்த அட்டை 1947இல் பறிபோனது. திரும்பக் கிடைக்கவே இல்லை. அதனால்தான் 1948இல் அவர் கார்னகி அரங்கில் பாட முடிந்தது, அடுத்த தெரு கிளப்பில் பாட முடியவில்லை. தெலோனியஸ் மங்க் 1951இல் அட்டையை இழந்து 1957வரை காத்திருந்தார். மேதைகளின் 'மர்மமான மௌன ஆண்டுகள்' என்று ரசிகர்கள் சிலாகிக்கும் காலத்துக்குப் பின்னால் ஒரு போலீஸ் அட்டை இருக்கிறது.

ஆக, ஜாஸ் கச்சேரி என்றாலே யார் உள்ளே, யார் வெளியே, யார் எந்தக் கதவு வழியாக என்ற கேள்வியும் கூடவே வந்துகொண்டிருந்தது. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டுக் கச்சேரி அனுபவம் எழுதுகிறவர், கச்சேரியில் நடந்ததில் பாதியைத்தான் எழுதுகிறார்.

'அவர்களுக்கு அது ரத்தத்திலேயே இருக்கிறது'

பாராட்டுவதுபோல அவமதிப்பது ஒரு கலை. ஜாஸ் ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதில் தேர்ந்தவர்கள். 'கறுப்பர்களுக்குத் தாளம் ரத்தத்திலேயே இருக்கிறது', 'வலி இருந்தால்தான் இப்படி வாசிக்க முடியும்', 'படித்து வருவதில்லை இது'. கச்சேரி முடிந்து படியேறும்போது இவற்றை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

படித்து வருவதில்லையா? மங்க்கின் ஒரு பாடலை எடுத்து அதன் ஸ்வரக் கோர்வைகள் எங்கே நிற்கின்றன, எங்கே இடறுவதுபோலப் போக்குக் காட்டி நேராக இறங்குகின்றன என்று கேட்டுப் பாருங்கள். அது கணக்கு. கோல்ட்ரேன் இடைவேளையில்கூட சாக்ஸபோனைக் கீழே வைக்காமல் பயிற்சி செய்தவர் என்று அவரோடு வாசித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஜாஸில் அந்த நொடியில் உருவாக்கி வாசிப்பது என்றால், நூற்றுக்கணக்கான பாடல்களின் கட்டமைப்பை எந்தச் சுருதியிலும் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அடுத்து என்ன செய்வார் என்று காதால் ஊகிக்க வேண்டும், ஊகம் பொய்த்தால் அந்தப் பிழையையே பாதையாக்க வேண்டும். இவ்வளவு உழைப்பையும் அறிவையும் 'ரத்தம்' என்ற ஒரு சொல்லில் போட்டுப் புதைத்துவிடுகிறார்கள்.

காட்டன் கிளப் தன் வெள்ளை வாடிக்கையாளர்களுக்கு எலிங்டனின் இசையைக் 'காட்டு இசை' என்று விற்றது. அதே எலிங்டனுக்கு 1965இல் சிறப்பு விருது தரலாம் என்று புலிட்சர் இசைக் குழுவின் நடுவர்கள் பரிந்துரைத்தார்கள். மேலே இருந்த வாரியம் மறுத்தது. அப்போது எலிங்டனுக்கு வயது 66. 1974இல் இறந்தார். அவர் பிறந்து நூறாண்டு ஆன 1999இல், செத்து 25 ஆண்டுகள் கழித்து, சிறப்பு விருது கொடுத்தார்கள். இசையமைப்பாளர் என்றால் யார், வெறும் 'திறமைசாலி' என்றால் யார் என்று முடிவுசெய்யும் உரிமை யாரிடம் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இந்த இடத்தில் நம் வாசகர்களுக்கு ஏதோ பழகிய வாடை அடித்திருக்கும். பறை அடிப்பவருக்கு 'பரம்பரையாக ரத்தத்தில் ஊறியது' என்பதும், கர்நாடக சங்கீதக்காரருக்கு 'கடும் சாதகம், ஞானம்' என்பதும் யார் வாயிலிருந்து வருகின்றன? உழைப்பாளியின் அறிவை உடம்பின் குணமாக்குவது நிறவெறிக்கும் சாதிக்கும் பொதுவான உத்தி. உடம்பின் குணம் என்றாகிவிட்டால் அதற்குச் சம்பளம் தர வேண்டாம், விருது தர வேண்டாம், பல்கலைக்கழகத்தில் இடம் தர வேண்டாம்.

'இது இசையா, பிரச்சாரமா?'

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் உணவகத்தில் போய் உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் 'வீ இன்சிஸ்ட்!' என்ற இசைத்தட்டைப் பதிவுசெய்தார். உறையில், உணவக மேடையில் அமர்ந்து கேமராவைத் திரும்பிப் பார்க்கும் கறுப்பின இளைஞர்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளைச் சிப்பந்தி. உள்ளே பாடியவர் ஏபி லிங்கன். ஒரு பகுதியில் சொல்லே கிடையாது. டிரம்ஸும் அவர் குரலும் மட்டும். பாட்டாகத் தொடங்குவது அலறலாக மாறுகிறது. கடைசிப் பகுதி அந்த ஆண்டு மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டுக்கொன்ற 69 பேரின் மண்ணை நோக்கித் திரும்புகிறது.

ஏபி லிங்கனின் அடுத்த இசைத்தட்டுக்கு 1961இல் 'டவுன்பீட்' இதழில் ஒரு வெள்ளை விமர்சகர் மதிப்புரை எழுதினார். கறுப்பராக இருப்பதையே இவர் தொழிலாக்கிக்கொண்டார் என்பது அதன் சாரம். பிரச்சாரத்துக்காக இசையைக் கெடுக்கிறார் என்ற குற்றச்சாட்டும் கூடவே. விஷயம் வெடித்தது. 1962இல் அதே இதழ், ஏபி லிங்கனையும் மேக்ஸ் ரோச்சையும் அந்த விமர்சகரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஜாஸில் இனப் பாகுபாடு என்ற தலைப்பில் விவாதம் நடத்தி வெளியிட வேண்டிவந்தது.

அடுத்த ஆண்டு, 1963இல், அமிரி பராகா (அப்போது அவர் பெயர் லீராய் ஜோன்ஸ்) அதே 'டவுன்பீட்' இதழில் வெள்ளை விமர்சகர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதை என் சொற்களில் சுருக்கினால்: நீங்கள் ஸ்வரங்களை ரசிக்கிறீர்கள், அந்த ஸ்வரங்களைப் பிறப்பித்த வாழ்க்கைப் பார்வையைத் தொட மறுக்கிறீர்கள். இசை அந்த மக்கள் உலகத்தைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்திலிருந்து வருகிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் நீங்கள் எழுதுவது இசையைப் பற்றியதே அல்ல. அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் கட்டுரைக்கான பதில் இன்னும் வரவில்லை. வந்ததெல்லாம் 'இசையை மட்டும் பேசுவோமே' என்ற கெஞ்சல்தான்.

கவனித்துப் பாருங்கள். காட்டன் கிளப்பில் தோட்ட அடிமைக் காட்சியைப் பின்னணியாக மாட்டியபோது அதை யாரும் அரசியல் என்று சொல்லவில்லை. கறுப்பினப் பெண் ஒருவர் மைக் முன்னால் அலறியதும் 'அரசியல் வந்துவிட்டது' என்றார்கள். ஆதிக்கம் நடக்கும்போது அது சூழல். எதிர்ப்பு வரும்போது மட்டும் அது அரசியல்.

துயரத்தை மட்டும் கேட்கச் சொல்லவில்லை

நியாயமான ஒரு மறுப்பு உண்டு. 'கறுப்பின இசை என்றாலே துயரம், போராட்டம் என்று சுருக்குவதும் அவமதிப்புதானே? எலிங்டன் காதலையும் ரயிலையும் பற்றி இசையமைக்கவில்லையா? எல்லாப் பாட்டிலும் லத்தியைத் தேடச் சொல்கிறீர்களா?'

இல்லை. துயரத்தை மட்டும் கேட்பது, 'ரத்தத்தில் இருக்கிறது' என்பதன் தம்பி. மேரி லூ வில்லியம்ஸ் 1945இல் 'சோடியாக் ஸ்வீட்' என்ற பன்னிரண்டு பகுதிகள் கொண்ட படைப்பை உருவாக்கினார். ஒவ்வொரு ராசிக்கும் ஒரு பகுதி, ஒவ்வொன்றிலும் அவர் அறிந்த கலைஞர்களின் சாயல். அதில் லத்தி இல்லை. குறும்பு, கணக்கு, நட்பு, நவீன இசையின் மீதான தாகம் எல்லாம் இருக்கின்றன. அதைக் கேட்கும்போது நான் ரசிப்பது ஒரு பெண்ணின் சிந்தனையை. ஆனால் பரிந்துரைப் பட்டியல்களில் அவர் பெயர் எத்தனையாவது இடத்தில் வருகிறது? பெரும்பாலும் பெண்கள் என்றால் பாடகிகள்தான். பியானோவிலும் டிரம்ஸிலும் இசையமைப்பிலும் அவர்கள் காணாமல் போகிறார்கள். இந்தக் காணாமல்போதலுக்கு எதிராகத்தான் டிரம்ஸ் கலைஞர் டெரி லின் கேரிங்டன் 2018இல் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஜாஸுக்கும் பாலின நீதிக்குமான நிறுவனத்தைத் தொடங்கினார். 2022இல் பெண்கள் இயற்றிய 101 ஜாஸ் பாடல்களின் குறிப்புகளை ஒரே நூலாகத் தொகுத்தும் தந்தார். அது ஒரு பரிந்துரைப் பட்டியல்தான். ஆனால் யார் விடுபட்டார்கள் என்று கேட்டுவிட்டுத் தயாரித்த பட்டியல்.

நான் கேட்பது இதுதான். மகிழ்ச்சியை மகிழ்ச்சியாகக் கேளுங்கள். ஆனால் அந்த மகிழ்ச்சியை யார், எந்த நிலைமையில், எவ்வளவு உழைப்பில் உண்டாக்கினார்கள் என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். போலீஸ் அட்டைக்குக் கைரேகை கொடுத்துவிட்டு வந்து ஒருவர் காதல் பாட்டு பாடினார் என்றால், அந்தக் காதல் பாட்டின் அழகு அதனால் குறையாது. கூடவே செய்யும்.

நம்மவர்களின் ஜாஸ்

'அமெரிக்கா கதை நமக்கு எதற்கு?' என்று கேட்கும் தோழர்களுக்கு: இந்த இசை நம் ஊருக்கும் வந்தது. 1958இல் அமெரிக்க வெளியுறவுத் துறை டேவ் புரூபெக் குழுவை உலகச் சுற்றுப்பயணம் அனுப்பியது. சென்னையிலும் வாசித்தார்கள். குழுவில் மூன்று வெள்ளையர்கள், பேஸ் வாசித்த யூஜின் ரைட் மட்டும் கறுப்பர். எங்கள் நாட்டில் கறுப்பரும் வெள்ளையரும் சமமாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள் பாருங்கள் என்று உலகுக்குக் காட்டுவதுதான் அரசின் நோக்கம். 1960இல் அதே குழு அமெரிக்கத் தென் மாநிலக் கல்லூரிகளில் வாசிக்கக் கிளம்பியபோது, கறுப்பரை நீக்கிவிட்டு வெள்ளையரைக் கொண்டுவாருங்கள் என்றன கல்லூரிகள். புரூபெக் மறுத்தார். பெரும்பாலான கச்சேரிகள் ரத்தாயின. சென்னை மேடையில் ஏறிய கலைஞர் தன் சொந்த நாட்டுக் கல்லூரி மேடையில் ஏற முடியவில்லை. புரூபெக்கின் பெருமையைப் பேச இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. நம்மூர் ரசிகர்களோ அவருடைய தாளக் கணக்கை வியந்து, 'நம் மிருதங்கத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது' என்று பெருமைப்பட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்திக் கட்டியவர் யார் என்ற கேள்வியும் அவர்களுக்கு வருவதில்லை. யூஜின் ரைட் விடுபடுகிற இடமும் அவர் விடுபடுகிற இடமும் ஒன்றுதான்.

நியூயார்க்கில் நான் பார்த்த நம்மவர்களின் ஜாஸ் ரசனை இந்த வழியில்தான் போகிறது. நல்ல வேலை, நல்ல ஸ்பீக்கர், நல்ல இசைத்தட்டுச் சேகரிப்பு. 'ஜாஸில் இவர்கள் செய்வதுதானே நம் மனோதர்மம்' என்பார்கள். அந்த மனோதர்மத்தைக் கற்க யாருக்கு அனுமதி இருந்தது, எந்தச் சபாவின் மேடை யாருக்குத் திறந்தது என்று கேட்டால் பேச்சு திசைமாறும். ஓர் இரவு கச்சேரிக்குப் பின் சாப்பிடப் போன இடத்தில், கோல்ட்ரேனின் 'அலபாமா'வைக் கேட்டு அழுதேன் என்றார் ஒருவர். உண்மையாகவே சொன்னார். பத்து நிமிடம் கழித்து, 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பற்றிப் பேச்சு வந்தது. அவருக்கு முகம் சுருங்கியது. 'அது இசை இல்லை, கோஷம். பாட்டில் எதற்குச் சாதியை இழுக்கிறார்கள்?'

1963 செப்டம்பர் 15 அன்று அலபாமாவின் பர்மிங்காமில் தேவாலயத்தில் வெடித்த குண்டில் ஏடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கேரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர் என்ற நான்கு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டு மாதம் கழித்து நவம்பர் 18 அன்று கோல்ட்ரேன் பதிவுசெய்ததுதான் 'அலபாமா'. அதற்குக் கண்ணீர் விடலாம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்ட 44 பேரைப் பற்றி ஒரு பாட்டு வந்தால் மட்டும் அது கோஷம். தூரத்து நெருப்புக்குக் கண்ணீர், வீட்டு நெருப்புக்கு ஏப்பம். கடல் கடந்து அழுவதில் ஒரு வசதி இருக்கிறது: அழுதவர் எதையும் இழக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிரான மரபும் நமக்கு உண்டு. பாபாசாகேப் அம்பேத்கர் 1946இல் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபையிடம் தந்த மனுவின் பிரதியைக் கேட்டார், இங்கும் அதே வழியில் போக முடியுமா என்று யோசித்தார். 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கறுப்பின மக்களின் வரலாற்றை ரசிக்கவில்லை, தம் போராட்டத்துக்குப் பயன்படுத்தினார்கள். கேட்பதென்றால் அப்படிக் கேட்க வேண்டும்.

இனி பரிந்துரைக்கும்போது

வெறுமனே திட்டிவிட்டுப் போவது என் நோக்கம் அல்ல. நானும் பரிந்துரைக்கிறேன்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைத் தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே ஆகஸ்ட் 17, ஆகஸ்ட் 25 என்ற இரண்டு தேதிகளையும் சொல்லுங்கள்.

கோல்ட்ரேனின் 'லைவ் அட் பேர்ட்லேண்ட்' கேளுங்கள். மைல்ஸ் அடிபட்ட அதே கிளப்பின் பெயரைத் தாங்கிய இசைத்தட்டு அது. 'அலபாமா' கிளப்பில் அல்ல, ஸ்டுடியோவில் பதிவானது. கிளப்பில் பதிவான பாடல்களில் இருக்கும் கைத்தட்டல் அதில் இல்லை. அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

சார்லஸ் மிங்கஸின் 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்' பாடலை இருமுறை கேளுங்கள். 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாமல் தடுக்கப் படையை நிறுத்திய ஆளுநர் ஃபாபஸைக் கேலி செய்வது அது. 1959இல் கொலம்பியா என்ற பெரிய நிறுவனம் வெளியிட்டதில் சொற்கள் இல்லை. 1960இல் கேண்டிட் என்ற சிறு நிறுவனத்துக்குப் பதிவுசெய்ததில் சொற்கள் இருக்கின்றன. ஒரே பாடல், இரண்டு முதலாளிகள். தணிக்கை எப்படி ஒலிக்கும் என்று காதாலேயே கேட்கலாம்.

இன்றைய இசை வேண்டுமா? டிரம்பெட் கலைஞர் ஆம்ப்ரோஸ் அகின்முசிரியின் 2014 இசைத்தட்டில் ஒரு குழந்தை, கொல்லப்பட்ட கறுப்பினத்தவரின் பெயர்களை வாசிக்கிறது. பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பது போல. யாரும் 'உள்ளேன்' சொல்வதில்லை. நேரில் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் 'இர்ரிவர்சிபிள் என்டாங்கிள்மென்ட்ஸ்' குழுவைத் தவறவிடாதீர்கள். 2015இல் நியூயார்க்கில், போலீஸ் வன்முறைக்கு எதிராக இசைக் கலைஞர்கள் நடத்திய நிகழ்வில் சந்தித்தவர்கள் சேர்ந்து உருவாக்கிய குழு அது.

கச்சேரிக்குப் போய்வந்து நண்பர்களிடம் சொல்லும்போது, டிரம்மர் எப்படி வாசித்தார் என்பதோடு இவற்றையும் சொல்லுங்கள்: நுழைவுச்சீட்டு என்ன விலை, யாரால் வாங்க முடிந்தது, மேடையில் யார், மேசைகளில் யார், பாத்திரம் எடுத்தவர் யார், கலைஞர் மைக்கில் பேசியபோது யார் கைதட்டினார்கள், யார் நெளிந்தார்கள். இதுவும் கச்சேரிதான். இதைச் சொல்வதால் சாக்ஸபோனின் இனிமை ஒரு துளியும் சிந்தாது.

இதையெல்லாம் சொன்ன பிறகும் 'இசையை மட்டும் பேசுவோமே' என்று ஒருவர் கேட்டால் பேசலாம். மைல்ஸ் டேவிஸுக்கு அன்றிரவு தேவைப்பட்டதும் அதுதான். இடைவேளை முடிந்ததும் உள்ளே போய் வாசிக்க விரும்பினார். போலீஸ்தான் விடவில்லை.